ஆசீர்வாதம் எழுந்தது எட்டிலா, பத்திலா?

குத்துச்சண்டையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களின் மூக்கைக் கவனித்துப் பாருங்கள். நேராக இருக்கும். நிஜமாகவே குத்து வாங்கியவர்கள் அதைப் பற்றி அதிகம் வாய் திறப்பதில்லை. என் மூக்கு மிக மிக நேரானது. என் வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே குத்து, ஜங்ஷனிலிருந்து பாளைக்கு வரும் டவுன் பஸ்ஸில் ஒரு பெண்மணியின் முழங்கையிலிருந்து வந்தது. அதுவும் எனக்கென்று வந்ததல்ல (அவர் கணவருக்குப் போய்க்கொண்டிருந்தது, நான் குறுக்கே நின்றுவிட்டேன்).

அப்படிப்பட்ட நான், ஒரு மாநில சாம்பியனின் ஆகச் சிறந்த ஆட்டம் எது என்று ஒரு மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் கை காலை ஆட்டிப் பேசினேன். அந்தச் சாம்பியன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளைத்தான் நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்தேன்.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எனக்குத் தமிழாசிரியர் வேலை. உபதொழில் பட்டிமன்றம். கோயில் கொடையோ, சர்ச்சில் அசன விருந்தோ, எங்கே மைக் நட்டிருந்தாலும் போய் நிற்பேன். ‘குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா’ என்ற தலைப்பில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். கல்யாணமே ஆகாதவன் பேச்சுக்குப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதனால் எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தேன்.

அதே பள்ளியில் பியூலா கணக்கு டீச்சர். எங்கள் விருப்பம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அவளுடைய அம்மாவுக்குத் தெரியும். எங்கள் பள்ளி வாட்ச்மேன் எங்களுக்காக ஜெபமே பண்ணிக்கொண்டிருந்தார். தெரியாத ஒரே ஆள் அவளுடைய அப்பா, டி. ஆசீர்வாதம்.

அவர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்குப் போனவர். சாயங்காலம் பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்குவார். அதிகம் பேசமாட்டார். கை குலுக்கினால் நம் விரல்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் பணி ஓய்வு பெறப் போகிறார், பழைய மாணவர்கள் சேர்ந்து விழா எடுக்கிறார்கள், அதில் ஒரு பட்டிமன்றமும் உண்டு என்று தெரிந்ததும் பியூலா ஓடி வந்தாள்.

“நீங்க அதுல பேசுங்க. நல்லா பேசுனா அப்பாவுக்கு ஒங்கள ரொம்பப் பிடிச்சிரும். அன்னைக்கு ராத்திரியே அம்மா நம்ம விசயத்த எடுத்துருவாவ.”

“பேசிட்டாப் போச்சு. தலைப்பு என்ன?”

“அப்பாவோட பெஸ்ட் ஆட்டம் மதுரையா, தூத்துக்குடியான்னு. மதுரைன்னா காய்ச்சலோட போய் ஸ்டேட் பட்டம் வாங்குனது. ஒங்களுக்குத் தூத்துக்குடிதான் போட்டிருக்காவ. நான் வேணும்னா அப்பாகிட்ட பைய கேட்டு எல்லாத்தையும் எழுதித் தரட்டா?”

“எனக்கா? பேசுதவனுக்கு எதுக்கு எழுதித் தரணும்? எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

நான் பார்த்துக்கொண்டது யூடியூபில். ‘சாம்பியன் ஆசீர்வாதம் தூத்துக்குடி’ என்று தட்டியதும் ஒரே ஒரு வீடியோ வந்தது. பழைய கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றியிருந்தார்கள். முகம் தெரியாத மங்கல். தலையில் கவசம் வேறு. சிவப்பு நிக்கர் ஒருவர், பச்சை நிக்கர் ஒருவர், அவ்வளவுதான் தெரிந்தது. படம் பிடித்தவர் கல்யாண வீட்டு வீடியோக்காரர் போலிருக்கிறது. ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் திரை இதய வடிவில் சுருங்கி, இதய வடிவில் விரிந்தது. பின்னணியில் நாதஸ்வரம். இருவரும் மூஞ்சியிலேயே குத்திக்கொள்ளும்போது மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

மைக்கில் ஒருவர், “ஆசீர்வாதம் குத்துகிறார்! ஆசீர்வாதம் தடுக்கிறார்! ஆசீர்வாதம் மறுபடியும் குத்துகிறார்!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எதிராளியின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாவம், நம் சாம்பியன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ரவுண்டில் சிவப்பு நிக்கர் விட்ட ஒரு குத்தில் பச்சை நிக்கர் மல்லாந்தார். ஜெயித்தவர்தானே சாம்பியன்? சிவப்பு நிக்கருக்கு மனசுக்குள் மாமா என்று முறை வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு வாரம் காலையில் கொக்கிரகுளத்தில் ஆற்றுப் படித்துறையில் நின்று பேசிப் பழகினேன். அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒருவர் தலை முழுக்கச் சோப்பு நுரையோடு முழுவதையும் கேட்டார்.

“நல்லாத்தான்வே இருக்கு. விழுந்தவன் பேரு என்ன? அதச் சொல்லலையே?”

“விழுந்தவன் பேரு யாருக்கு அண்ணாச்சி வேணும்?” என்றேன்.

அவர் முங்கி எழுந்து, “அதுவும் சரிதான்” என்றார். தாமிரபரணி என்னை அன்றே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

விழா நாள் வந்தது. பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேடையில் பழைய போட்டோக்களைக் காட்டப் பெரிய திரை கட்டியிருந்தார்கள். நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மேசையில் மணியோடு உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் சாம்பியன், பக்கத்தில் அவர் மனைவி, அடுத்து பியூலா. சாம்பியனுக்கு அந்தப் பக்கம், பொன்னாடை போர்த்திய ஓர் ஆஜானுபாகு. யாரோ பெரிய மனிதர் என்று கும்பிட்டுவைத்தேன்.

மதுரை அணிக்காரர் பேசி முடித்தார். நல்ல கைத்தட்டு. நான் எழுந்தேன்.

“நடுவர் அவர்களே! மதுரையில் சாம்பியன் வென்றது பட்டத்தை. தூத்துக்குடியில் வென்றது ஒரு மலையை! மூன்றாவது ரவுண்டு. எதிரே ஒருவன், பச்சை நிக்கர் போட்டுக்கொண்டு துள்ளினான் ஐயா, துள்ளினான்! விட்டார் பாருங்கள் சாம்பியன், இடது கையால் ஒரு குத்து! காற்றில் வாழை சாய்ந்த மாதிரி சாய்ந்தானே!”

கைத்தட்டு வரவில்லை. லயித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பொன்னாடைக்காரர் மட்டும் தொடையில் அடித்துச் சிரித்து, “அப்படிச் சொல்லுலே தம்பி!” என்றார். பியூலா கழுத்துக்குக் குறுக்கே விரலால் அறுத்துக் காட்டினாள். பேச்சில் எதிராளியை அறுத்துத் தள்ளச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன் (காதல் இப்படியும் ஒருவனைக் கெடுக்கும்).

“ரெஃப்ரி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று! பச்சை நிக்கர் அசையவில்லை. பத்துக்குள் எழுந்தால்தானே ஆட்டம்? பத்தும் எண்ணி முடித்தார்! நூறு வரைக்கும் எண்ணியிருந்தாலும் அந்த மகராசன் எழுந்திருக்கப் போவதில்லை! தூக்கி நிறுத்தினால், எது தன் மூலை என்று தெரியாமல் சாம்பியனின் மூலையில் போய் உட்கார்ந்தான் ஐயா!”

நடுவர் மணி அடித்தார். என் நேரம் முடியவில்லை. அவர் முகத்தில் ஏதோ வேண்டுதல் இருந்தது. நான் விடவில்லை.

“மணி அடித்தாலும் ஓயாத கை அது! நான் கேட்கிறேன், இப்படிப்பட்ட ஆளெல்லாம் எதற்குச் சண்டை போட வரவேண்டும்? வீட்டில் உட்கார்ந்து அவியலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கலாமே!”

சாம்பியன் எழுந்தார். நிதானமாக மேடை ஏறி என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“தம்பி, அந்தப் பச்ச நிக்கரு நாந்தான்.”

நான் திரும்பி, திரைக்குப் பின்னால் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் ‘ஆசீர்வாதம்’ என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ஐந்தாவது ஆசீர்வாதத்துக்குக் காது கேட்காது. எங்களில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட கர்த்தர் கொடுத்திருப்பது இனிஷியல் ஒன்றுதான். அன்று தூத்துக்குடி மேடையில் மோதிய இருவருமே ஆசீர்வாதம். பாளையங்கோட்டை டி. ஆசீர்வாதம், சாத்தான்குளம் ஜி. ஆசீர்வாதம். மைக்கில் கத்தியவர் யார் பக்கமும் பேசவில்லை, இருவரையும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஜி ஜெயித்தார். மறு வருடம் அதே தூத்துக்குடியில் டி அவரைத் தோற்கடித்தார். நான் பேசவேண்டியிருந்தது மறு வருடத்து ஆட்டம். நான் பார்த்த வீடியோவை ஏற்றியது ஜியின் மகன்.

பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருந்தவர் ஜி.

வாழைக்காய் என்று ஏன் சொன்னோம், வேறு ஏதாவது கௌரவமான காயாகச் சொல்லியிருக்கலாமே என்றெல்லாம் மூளை அந்த நேரத்தில் யோசித்தது. சாம்பியன் என்னைப் பார்த்தார். நான் அவர் முஷ்டியைப் பார்த்தேன்.

“விழுந்தேன்” என்றார் மைக்கில். “இல்லங்கல. மூல மாறிப் போய் உக்காந்தேன், அதுவும் உண்மதான். ஆனா பத்து எண்ணல. எட்டுல எந்திச்சிட்டேன். ரெஃப்ரிதான் கூறு கெட்டுப் போயி ஆட்டத்த நிறுத்திட்டான்.”

“ஏவே!” என்று கீழேயிருந்து ஒரு முழக்கம். ஜி எழுந்து நின்றிருந்தார். “முப்பது வருசமா இதே புளுவ விடுதீரே. பத்துவே! எண்ணி முடிச்சாச்சு! தம்பிதான் இப்ப ஊரறியச் சொன்னாம்லா? அவன் எனக்குச் சொந்தமா, பந்தமா?”

“அவன் கோட்டிக்காரப் பய. அவன் சொன்னா ஆச்சா?”

“கோட்டிக்காரந்தான் உள்ளதச் சொல்லுவான்!”

என் மாப்பிள்ளைத் தகுதி பற்றி, அதாவது நான் பைத்தியக்காரன் என்று, இரு சாம்பியன்களும் ஒரே கருத்துக்கு வந்தது அப்போதுதான். யாரோ ஒரு புண்ணியவான், “வீடியோவப் போட்டுட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது” என்றார். திரைதான் தயாராக இருக்கிறதே. போட்டார்கள்.

நாதஸ்வரம் முழங்கியது. சிவப்பு நிக்கர் குத்தினார். பச்சை நிக்கர் விழுந்தார். மண்டபமே சேர்ந்து எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறு என்னும்போது ரோஜா இதழ்கள் கொட்ட ஆரம்பித்தன. திரை இதய வடிவில் சுருங்கியது. விரிந்தபோது, சிறப்பு விருந்தினர் ஒருவர் ஸ்ட்ரா போட்டுக் கலர் குடித்துக்கொண்டிருந்தார். நிதானமாகக் குடித்தார். மறுபடியும் இதயம். பச்சை நிக்கர் எழுந்து நின்றிருந்தார், ரெஃப்ரி அவரைக் கட்டிப்பிடித்திருந்தார்.

“பாத்தியளா!” என்றார்கள் இரண்டு ஆசீர்வாதங்களும் ஒரே நேரத்தில்.

நடுவர் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தீர்ப்பு சொல்லப் பயந்து, பொறுப்பை என் தலையில் கட்டினார். “தம்பிதான் இந்த வீடியோவ நாள் கணக்கா ஆராய்ஞ்சவர். பத்துன்னு சொன்னவரும் அவர்தான். அவரே முடிவாச் சொல்லட்டும். எட்டா, பத்தா?”

ஒரு பக்கம் ஜி, கண்ணில் முப்பது வருட நியாயத்தோடு. இன்னொரு பக்கம் டி, முஷ்டியோடு. கீழே பியூலா, கண்ணில் நீரோடு. பத்து என்றால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது. எட்டு என்றால் நான் மேடையில் பொய் சொன்னவன்.

“எட்டு” என்றேன்.

“பொறவு எதுக்குலே பத்துன்ன?” என்று ஜி கர்ஜித்தார்.

“அய்யா, பட்டிமன்றத்துல எட்டுன்னா கைத்தட்டு விழாது.”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் மேடை வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய சிரிப்பை நான் கேட்டதில்லை. சாம்பியன் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை என் கையில் திரும்பக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அன்று ராத்திரி அம்மா எங்கள் விஷயத்தை எடுக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

பியூலா என்னோடு பேசாமல் இருந்தாள். ஸ்டாஃப் ரூமில் நான் உள்ளே போனால் அவள் வெளியே போனாள். வாட்ச்மேன் ஜெபத்தை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை அவளே வந்தாள்.

“அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாவ. ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சி ஒங்கள வீட்டுக்கு வரச் சொல்லுதாவ அப்பா.”

“கோவமா இருக்காவளா?”

“ஒண்ணுமே சொல்லல. அதான் பயமா இருக்கு.”

போனேன். சாம்பியன் சாரம் (லுங்கிதான்) கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே என்னை உட்காரச் சொன்னார். பியூலா கதவோரம் நின்றாள். அடுக்களையில் அவள் அம்மா டீ ஆற்றும் சத்தம் கேட்டது. வாழைக்காய்க்கு மன்னிப்புக் கேட்பதிலிருந்து தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு எட்டுன்னு சொன்னியே. பாத்துச் சொன்னியா, இவளுக்காவச் சொன்னியா?”

எந்தத் தலைப்பு கொடுத்தாலும் இரண்டு பக்கமும் பேசக்கூடிய எனக்கு, அன்று ஒரு பக்கமும் வரவில்லை. பார்த்துச் சொன்னேன் என்றால் அவர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இவள் கிடைக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

“பாக்கல சார். பூ விழுந்து மறைச்சிட்டு. பியூலாவுக்காவத்தான் சொன்னேன்.”

கதவோரம் ஒரு பெருமூச்சு கேட்டது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

“நானும் பாக்கலலே. நான் கீழல்லா கெடந்தேன்.”

எனக்குப் புரியவில்லை.

“காது ரெண்டும் கொய்ங்குன்னு கேக்கு. கண்ணத் தொறந்தா ரெஃப்ரி என்னயக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கான். நான் எத்தனையக் கண்டேன்?”

“அப்போ எட்டுன்னு…?”

தலையால் அடுக்களையைக் காட்டினார். “அவதான் சொன்னா. அப்பம் எங்களுக்குக் கல்யாணம் பேசி முடிச்ச நேரம். அண்ணங்காரன்கூட ஆட்டம் பாக்க வந்திருந்தா. நான் வெளிய வந்து எல்லாம் போச்சுன்னு ஒரு மூலைல உக்காந்து அழுதேன். பக்கத்துல வந்து, ‘எதுக்கு அழுதிய? எட்டுலயே எந்திச்சிட்டியளே, நான் எண்ணுனேம்லா’ன்னா. அந்த ஒரு வார்த்தைய வச்சித்தான் மறு வருசம் அவன அடிச்சேன். இன்னைக்கி வரைக்கும் அத வச்சித்தான் அந்த ஜி பயகிட்ட மல்லுக்கட்டுதேன்.”

டீயோடு வந்த பியூலாவின் அம்மா, தம்ளரை என் முன்னால் வைத்தபடி சாதாரணமாகச் சொன்னார்கள்.

“நான் எங்க எண்ணுனேன்? அந்தச் சாத்தான்குளத்தான் கைய ஓங்கும்போதே கண்ண இறுக்க மூடிட்டேன்.”

சாம்பியன் திரும்பினார். முப்பது வருடம் கழித்து, தன் வீட்டு நாற்காலியில் வைத்து, அவருக்கு இரண்டாவது நாக் அவுட் விழுந்தது. வாய் திறந்தபடி அப்படியே இருந்தார். யாரும் எண்ணவில்லை.

“ஏட்டி, பொறவு என்னத்துக்கு எட்டுன்ன?”

“ஒம்பதுன்னா ஒங்களுக்கு ஆறுதலா இருக்காது. ஏழுன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சி.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். தொடங்கியது நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர, என் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். (அவர் தட்டுவதற்கும் குத்துவதற்கும் வித்தியாசம் தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.) ஆறு மாதத்தில் கல்யாணம். சாத்தான்குளத்திலிருந்து ஜி வந்து எனக்குப் பரிசளித்த பொட்டலத்தில் ஒரு பச்சை நிக்கர் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ‘எட்டு’ என்பது எண்ணே அல்ல. புதுச் சேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் ‘எட்டு’. மகள் வரைந்த யானையைப் பார்த்து மாமா ‘எட்டு’ என்பார், அது பன்றி மாதிரி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு அத்தை ‘எட்டுய்யா’ என்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்தான் எங்களைப் பார்த்து முழிப்பார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் பியூலாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். சிரிக்கவேண்டிய இடங்களில் நானே கொஞ்சம் நிறுத்தினேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“எட்டு.”